அனிமே ஆங்கில டப்பிங்கை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டாலஸ் பக்கம் அர்விங்கில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 19 வயது, யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம், படிப்பில் கெட்டி. ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடர்களுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுக்கும் வேலைக்குப் போகப்போகிறேன், ஸ்டூடியோ நம் வீட்டுப் பக்கத்திலேயேதான் இருக்கிறது, படிப்பை நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன் என்கிறாளாம். இது நல்ல தொழிலா, எவ்வளவு வருமானம் வரும், எந்த மைக் வாங்கிக் கொடுக்கலாம் என்று மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: இதில் இறங்கினால் பெண் தன் காலில் நிற்பாளா?

நான் நடிகன் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரெக்கார்டிங் செய்கிற ஆள். டெக்சாஸில் அனிமே டப்பிங், வீடியோ கேம், விளம்பரம் என்று பல வருடமாக இதுதான் பிழைப்பு. நடிகர்களின் செக் என் கைக்கு வராது. ஆனால் யாரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள், யார் இரண்டு வருடத்தில் காணாமல் போகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

அனிமே டப்பிங்கை மட்டும் வைத்து வாடகை கட்டுகிறவர்கள் மிகக் குறைவு. அதைச் சுற்றி வேறு நாலு வேலையும் வைத்திருக்கிறவர்கள்தான் இங்கே நிலைக்கிறார்கள். அதனால் படிப்பை விட வேண்டாம். ஆனால் உங்கள் ஊர்க் கணக்கில் மகள் சொல்வது தப்பில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். ஜப்பானில் ஒரு எபிசோடின் நடிகர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் நின்று, ஒருவருக்கொருவர் பதில் சொல்லி ரெக்கார்ட் செய்வார்கள். இங்கே ஆள் தனி. சின்ன பூத், ஒரு மைக், ஒரு திரை, ஸ்டாண்டில் ஸ்கிரிப்ட். வசனத்துக்கு முன்னால் சீரான இடைவெளியில் மூன்று பீப் கேட்கும். நாலாவது பீப் வர வேண்டிய இடத்தில் பீப் வராது, அங்கே நடிகர் பேச ஆரம்பிக்க வேண்டும். ஜப்பானிய ஒலியோடு ஒரு தடவை காட்சியை ஓட்டிக் காட்டுவோம், அடுத்த ஓட்டத்தில் ரெக்கார்டிங். எதிரே பேசுகிற கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுப்பவர் அடுத்த வாரம்தான் வருவார். ஆக, அம்மா செத்துப்போகிற காட்சியில் எதிர்க்குரல் இல்லாமலே அழ வேண்டும். அழுது முடித்து மூக்கைத் துடைப்பதற்குள் நான் டாக்பேக்கில் (பூத்துக்குள் பேசும் ஸ்பீக்கரில்) "ரெண்டு ஃப்ரேம் லேட், இன்னொரு தடவை போலாம்" என்பேன். மறுபடி முதலிலிருந்து அதே அழுகை.

வாயசைவுதான் இதில் முழு வித்தையும். திரையில் வாய் மூன்று தடவை திறந்து மூடி, கொஞ்சம் நின்று, மறுபடி ஒரு தடவை திறக்கிறது என்று வையுங்கள். ஆங்கில வசனம் அதற்குள் உட்கார வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் முன்கூட்டியே பொருத்தித்தான் எழுதியிருப்பார், இருந்தும் பூத்தில் இடிக்கும். கைதேர்ந்த நடிகர் முன்னால் ஒரு "லுக்" சேர்த்தோ, கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்தோ, அந்த ஒரு அசைவில் வெறும் மூச்சை வைத்தோ சரிக்கட்டிவிடுவார், டைரக்டர் சொல்வதற்கு முன்பே. மணிக்கு முப்பது வரி போல முடிய வேண்டும். அழகான குரல், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஏழெட்டு டேக் என்றால் அடுத்த தொடருக்குக் கூப்பிட யோசிப்பார்கள். குரல் சுமார்தான், ஆனால் இரண்டாவது டேக்கில் முடித்துவிடுகிறார் என்றால் அவருக்கு வாரா வாரம் வேலை இருக்கும். "என் மகளுக்கு நல்ல குரல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், ஆனால் அதை யாரும் முதலில் கேட்பதில்லை.

கத்தலையும் சொல்லியாக வேண்டும். சண்டைத் தொடர் என்றால் அடி வாங்குவது, மூச்சிரைப்பது, தொண்டை கிழிய அலறுவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். விவரம் தெரிந்த டைரக்டர் அதையெல்லாம் செஷனின் கடைசி அரை மணிக்குத் தள்ளுவார், இல்லாவிட்டால் சாதாரண வசனத்துக்குக் குரலே இருக்காது. அமெரிக்காவில் 2016இல் வீடியோ கேம் குரல் நடிகர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், தொண்டையை வருத்தும் செஷன்களின் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் ஒன்று. சரியான முறையில் கத்தக் கற்றுக்கொள்ளாத இளம் ஆட்கள் ஒரே சீசனில் குரலைக் கெடுத்துக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஊர்க் கணக்கு. அனிமேயை ஆங்கிலத்தில் டப் செய்து வெளியிட்ட ஃபனிமேஷன் கம்பெனி 1994இல் டெக்சாஸில் தொடங்கியது. டிராகன் பால் ஸீ தொடருக்கு முதலில் குரல் கொடுத்தவர்கள் கனடாவின் வான்கூவரில், ஓஷன் ஸ்டூடியோவில் இருந்தவர்கள். செலவைக் குறைக்க 1999 வாக்கில் வேலையை டெக்சாஸுக்கே கொண்டுவந்து, உள்ளூர் ஆட்களைப் பிடித்துப் போட்டார்கள். அப்போது கதாநாயகன் கோகுவாக வந்த ஷான் ஷெம்மல் ஃபிரெஞ்ச் ஹார்ன் வாசிக்கப் படித்தவர். வெஜிட்டா, பிக்கோலோ என்ற இரண்டு கதாபாத்திரங்களுக்கும் குரல் கிறிஸ்டோபர் சபாட். ஹாலிவுட்டில் கதவு தட்டி அலுத்தவர்கள் இல்லை, பக்கத்தில் கிடைத்த ஆட்கள். அப்படித்தான் டாலஸ் இந்தத் தொழிலுக்கு ஒரு தலைநகரம் ஆனது. 2017இல் சோனி ஃபனிமேஷனை வாங்கியது, 2021இல் ஏடி&டியிடமிருந்து கிரன்ச்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் கம்பெனியையும் வாங்கியது, இப்போது இரண்டும் கிரன்ச்சிரோல் என்ற ஒரே பெயரில் நடக்கின்றன. ஸ்டூடியோ இன்னும் டாலஸ் வட்டாரத்தில்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து அங்கே வாடகைக்கே திணறுகிற ஒருவரோடு ஒப்பிட்டால், பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே இங்கே ஆடிஷன் கொடுக்கும் உங்கள் மகள் அதிர்ஷ்டக்காரி. மகள் சொல்வது தப்பில்லை என்றது இதைத்தான்.

சபாட்டின் பாதையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ரசிகர்களுக்கு அவர் வெஜிட்டா, ஒன் பீஸில் ஜோரோ, மை ஹீரோ அகாடமியாவில் ஆல் மைட். கால் நூற்றாண்டாக ஒரே கதாபாத்திரம் கையில் இருப்பது இந்தத் தொழிலில் அபூர்வம். ஆனால் அவர் ஆரம்பத்திலேயே டைரக்டர் நாற்காலியிலும் உட்கார்ந்தவர், பிறகு ஓக்ராட்ரான் 5000 என்று சொந்தமாக ஒரு ஒலிப்பதிவு நிறுவனமும் தொடங்கினார். மற்றவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒன் பீஸின் கதாநாயகன் லூஃபிக்குக் குரல் கொடுக்கும் கொலீன் கிளிங்கன்பியர்ட் டைரக்டரும் கூட. டிராகன் பாலில் புல்மாவுக்குக் குரல் கொடுத்த மோனிகா ரியல் டப்பிங் ஸ்கிரிப்டும் எழுதுபவர். எனக்குத் தெரிந்த பெயரில்லாத ஆட்களிலும் இதே கதைதான். பத்து வருடம் தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஸ்கிரிப்ட் எழுதவோ, டைரக்ட் செய்யவோ, என் மாதிரி இன்ஜினியர் வேலை பார்க்கவோ கற்றுக்கொண்டவர்கள். மைக்குக்கு முன்னால் மட்டும் நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வருமானத்துக்கு வருவோம். டப்பிங்கில் சம்பளம் மணிக்கணக்கு. புதுப்படம் பூஜை போட்டது மாதிரி ஒரே தொகையாகப் பேசி முடிப்பது இல்லை. ரேட் ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ மாறும், யூனியன் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தும் மாறும். கணக்குக்காக மணிக்கு 75 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். 12 எபிசோட் தொடரில் கதாநாயகி வேடமே கிடைத்தாலும் மொத்தம் 25, 30 மணி நேர ரெக்கார்டிங்கைத் தாண்டாது. மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 2000 டாலர். துணைக் கதாபாத்திரம் என்றால் எபிசோடுக்கு ஒரு மணி நேரம்கூட இருக்காது. ஜுஜுட்சு கைசென் 0 படம் 2022இல் வந்தபோது, அதில் ரிக்காவுக்குக் குரல் கொடுத்த அனைரிஸ் கின்யோனஸ் தனக்குக் கிடைத்தது 150 டாலர் என்று வெளிப்படையாகச் சொன்னார். படம் வட அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. நிறையப் பேர் அதிர்ந்தார்கள். எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. படம் எவ்வளவு ஓடினாலும், தொடர் எத்தனை நாட்டில் போனாலும், பேசிய மணிக்குப் பேசிய காசு, அதற்கு மேல் பங்கு கிடையாது. என்னைக் கேட்டால் இது அநியாயம். இதைவிட நாகரிகமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

யூனியன் விஷயத்தை மகள் கண்டிப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாக்-ஆஃப்ட்ரா என்பது இங்கே நடிகர் சங்கம். அதில் சேர்ந்தவர்கள் சங்க ஒப்பந்தம் இல்லாத வேலைக்குப் போகக்கூடாது என்பது விதி. டாலஸில் நடக்கும் அனிமே டப்பிங் பெரும்பாலும் ஒப்பந்தம் இல்லாத வேலை. லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டும் கலந்து இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் டப்பிங்கையும் சேர்த்துச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. பழைய நாட்களில் இந்த விதிக்குத் தப்ப நடிகர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டதும் உண்டு. கௌபாய் பீபாப் தொடரில் ஸ்பைக்காகப் பேசிய ஸ்டீவ் பிளம் பெயர், டைட்டிலில் டேவிட் லூகாஸ் என்று வரும். 2022இல் மாப் சைக்கோ 100 தொடரின் மூன்றாவது சீசனுக்கு முன்னால், கதாநாயகன் குரலான கைல் மெக்கார்லி ஒன்று கேட்டார்: இந்தச் சீசனைச் சங்க ஒப்பந்தம் இல்லாமலே செய்து தருகிறேன், வருங்காலத்தைப் பற்றிச் சங்கத்தோடு உட்கார்ந்து பேச மட்டும் சம்மதியுங்கள். கிரன்ச்சிரோல் சம்மதிக்கவில்லை, அந்த வேடத்துக்கு வேறு ஆள் வந்தார். உங்கள் மகள் புதியவள், இப்போதைக்குச் சங்கத்தில் சேரும் கேள்வியே எழாது. பின்னால் ஒரு பெரிய விளம்பரமோ கேமோ கிடைத்துச் சேர வேண்டி வந்தால், அன்றோடு வீட்டுப் பக்கத்து ஸ்டூடியோவின் கதவு பெரும்பாலும் சாத்திக்கொள்ளும். அப்போது ஒரு வக்கீலையோ நல்ல ஏஜென்டையோ கேட்டு முடிவெடுக்கட்டும், என் பேச்சை வைத்து வேண்டாம்.

வேடம் கிடைத்துவிட்டது, ரசிகர்கள் வந்துவிட்டார்கள், இனி அது நம்முடையது என்று நினைப்பதும் நடக்காது. போக்கிமானில் கதாநாயகன் ஆஷுக்கு 1998 முதல் குரல் கொடுத்தவர் வெரோனிகா டெய்லர். 2006இல் தயாரிப்புப் பொறுப்பு கை மாறியபோது கிட்டத்தட்ட நடிகர் குழுவையே மாற்றினார்கள். ரசிகர்கள் எவ்வளவோ எதிர்த்தும் பழையவர்கள் வரவில்லை. புதிதாக வந்த சாரா நடோசெனி 2023 வரை ஆஷாக இருந்தார். 1990களில் டொராண்டோவில் டப் செய்யப்பட்ட சேலர் மூன், 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸில் முழுக்கப் புதிய குரல்களோடு மறுபடி செய்யப்பட்டது. எவாஞ்சலியன் கதை இன்னும் வேடிக்கை. ஹூஸ்டனில் பேசிய பழைய குழுவை விட்டுவிட்டு 2019இல் நெட்ஃபிளிக்ஸுக்காகப் புதுக் குழு பேசியது. 2021இல் கடைசிப் படம் அமேசானில் வந்தபோது கதாநாயகன் ஷின்ஜியாகப் பழைய நடிகர் ஸ்பைக் ஸ்பென்சரே திரும்பி வந்தார். உரிமை யாரிடம் போகிறதோ அவர்கள் வைத்ததுதான் குரல்.

ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ எடுக்கும் படங்கள் பற்றியும் மகள் பேசியிருப்பாள். அது வேறு உலகம். 2023இல் வந்த தி பாய் அண்ட் தி ஹெரான் படத்தில் நாரைக்குக் குரல் கொடுத்தவர் ராபர்ட் பாட்டின்சன். சினிமா நட்சத்திரங்களை வைத்துச் செய்வார்கள், டப்பிங் ஆட்களுக்கு அங்கே ஓரமாகத்தான் இடம். (பாட்டின்சன் அதில் பிரமாதம். குறை சொல்ல மனம் வரவில்லை.)

அப்படியானால் இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? வீடியோ கேம், விளம்பரம், கம்பெனிகளின் பயிற்சி வீடியோ, ஆடியோ புத்தகம். ஸ்டீவ் பிளம் 2012இல் கின்னஸில் இடம் பிடித்தது அதிக வீடியோ கேம்களில் குரல் கொடுத்தவர் என்று, அனிமேக்காக இல்லை. அப்புறம் ரசிகர் கன்வென்ஷன்கள். ஆட்டோகிராஃபுக்கு, சேர்ந்து படம் எடுப்பதற்குத் தனித்தனியாகக் காசு. பெயர் பெற்ற நடிகருக்கு ஒரு வார இறுதிக் கன்வென்ஷன், ஒரு சீசன் முழுக்கப் பேசியதைவிட அதிகம் தரக்கூடும். அனிமே வேடம் பெயரைத் தருகிறது, அந்தப் பெயரை வைத்து வேறு இடத்தில் சம்பாதிக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அந்த வரிசை நிற்பதில்லை. வெறும் மேஜையோடு மூன்று நாள் உட்கார்ந்து திரும்புகிறவர்களும் உண்டு.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் உண்டு. செயற்கை நுண்ணறிவு இந்தத் தொழிலை என்ன செய்யும் என்று கேட்காத புது நடிகர் இல்லை. 2025 கடைசியில் அமேசான் பனானா ஃபிஷ் உட்படச் சில அனிமேக்களுக்கு ஏஐ ஆங்கில டப்பிங்கைப் போட்டுப் பார்த்தது. உயிரில்லாத குரல் என்று ரசிகர்களும் நடிகர்களும் பிடித்துக் கிழித்தார்கள், சில நாளில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் நடந்த வீடியோ கேம் வேலைநிறுத்தமும் இதே ஏஐ பயத்தால்தான். என் ஊகம் இது: முக்கிய வேடங்களுக்கு மனிதர்கள் இருப்பார்கள், ரசிகர்கள் விடமாட்டார்கள். முதல் அடி விழப்போவது கூட்டச் சத்தம், பெயரில்லாத ஓரிரு வரி வேடங்கள் மேல். புதிதாக வருகிறவர்கள் நுழைவதே அந்த வழியாகத்தான் என்பது என் கவலை.

அந்த நுழைவு எப்படி நடக்கிறது என்றால், சந்தைக் கூட்டம், பள்ளிக்கூட வகுப்பு, போர்க்களம் இவற்றுக்கெல்லாம் பின்னணியில் கேட்கும் சத்தத்துக்கு வாலா என்று பெயர். புதியவர்களை முதலில் அதற்குக் கூப்பிடுவார்கள். அப்புறம் "போலீஸ்காரர் 2" மாதிரி இரண்டு வரி. நேரத்துக்கு வருகிறாளா, சொன்னதைப் புரிந்துகொண்டு மாற்றிப் பேசுகிறாளா என்று பார்ப்பார்கள். அதன் பிறகு ஆடிஷன் ஸ்கிரிப்ட் மெயிலில் வர ஆரம்பிக்கும். இதற்கு முன்னால் தேவைப்படுவது நடிப்புப் பயிற்சி. மேடை நாடகம், இம்ப்ராவ் (எழுதி வைக்காமல் அப்போதைக்கு அப்போது நடிப்பது) வகுப்பு இரண்டும் போதும், உங்கள் மகளின் யுனிவர்சிட்டியிலேயே இருக்கும். குரல் நடிகர் ஜானி யாங் பாஷ் அனிமேக்கு வந்தது பவர் ரேஞ்சர்ஸ் டிவி தொடரில் கறுப்பு ரேஞ்சராக நடித்த பிறகு. கேமராவோ மேடையோ, நடித்தவர்களுக்குத்தான் பூத்தில் கை ஓடுகிறது. ஏதோ கதாபாத்திரத்தின் குரலை மிமிக்ரி செய்கிற திறமையை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஆடிஷனில் தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே கேட்பது அவர்கள் இதுவரை கேட்டிராத கதாபாத்திரத்தை. இன்னொன்று, இது விசா விஷயம்: மகள் சிட்டிசனோ கிரீன் கார்டோ என்றால் பிரச்சினை இல்லை. உங்கள் எச்1பி விசாவைச் சார்ந்த எச்4 என்றாலோ, மாணவர் விசா என்றாலோ, வாலாவுக்குக்கூடக் காசு வாங்குவதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலைக் கேளுங்கள்.

ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு "டெமோ (குரல் மாதிரிப் பதிவு) எடுத்துத் தருகிறோம், ஸ்டூடியோவில் அறிமுகப்படுத்துகிறோம்" என்பவர்களிடம் போகாதீர்கள். வேலையில் இருக்கும் டைரக்டர்கள் நடத்தும் வார இறுதி வகுப்புகள் உண்டு, அவற்றுக்குப் பணம் கட்டுவது வேறு, பயன் இருக்கிறது. வேலைக்கு உத்தரவாதம் தருகிறவர் யாராக இருந்தாலும் பொய். டெமோவை முதல் வருடத்தில் எடுக்கவே வேண்டாம். ஒரு நிமிட டெமோவில் திறமையும் தெரியும், திறமையின்மையும் தெரியும், இரண்டாவதைத்தான் டைரக்டர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

மைக்குக்கு வருகிறேன். ரோட் என்டி1 மாதிரி ஒன்று, கூட மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். ஆயிரம் டாலர் மைக்கை எதிரொலிக்கிற அறையில் வைத்தால் அந்த எதிரொலியைத்தான் இன்னும் தெளிவாகப் பிடிக்கும். வீட்டில் வாக்-இன் கிளாசெட் இருக்கும் இல்லையா, அதில் உங்கள் பட்டுப்புடவைகளையும் குளிர்கால கோட்டுகளையும் நெருக்கமாகத் தொங்கவிட்டு நடுவில் மைக்கை வையுங்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடும், ஆடிஷனுக்கு அது போதும். ஏசி சத்தம் மட்டும் உள்ளே வரும், அதனால் ரெக்கார்ட் செய்யும் பத்து நிமிடத்துக்கு அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.